பேனல் சுத்தம்தான், வேலை இடம்?

போன மாதம் நம்ம காலேஜுக்கு ஒரு சோலார் கம்பெனி வந்திருந்தது, ஞாபகம் இருக்கா? முதல் ஸ்லைடில் சூரியகாந்திப் பூ. இரண்டாவதில் பனிக்கரடி. மூன்றாவதில் நீல பேனல்களுக்கு முன்னால் வெள்ளை ஹெல்மெட் போட்ட நாலு பேர், நாலு பேரும் சிரிச்சிட்டு நிக்கிறாங்க. கடைசியில் கேள்வி நேரம். நம்ம செட்டில் ஒருத்தன் எழுந்து, "சார், கேரியர் குரோத் எப்படி இருக்கும்?" என்று கேட்டான். வந்திருந்த ஹெச்.ஆர். சிரித்துக்கொண்டே "ஸ்கை இஸ் த லிமிட்" என்றார். ஆடிட்டோரியமே கைதட்டியது.

நானும்தான் தட்டினேன். ஹாஸ்டலுக்கு வந்து பல் தேய்க்கும்போதுதான் யோசித்தேன், அவன் கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லையே!

சோலார் என்றதும் நம்ம ஆட்கள் ஒரு சலுகை கொடுத்துவிடுகிறோம். புகை இல்லை, கழிவு இல்லை, உலகத்துக்கு நல்லது. அப்போ உள்ளே வேலை பார்க்கிறவனையும் நல்லாத்தான் வைத்திருப்பார்கள் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். ஐ.டி. கம்பெனி வந்தால் பாண்ட் எத்தனை வருஷம், பென்ச் எத்தனை மாதம் என்று குடைந்து குடைந்து கேட்கிற நாம், சோலார் கம்பெனியிடம் ஒரு கேள்வியோடு உட்கார்ந்துவிட்டோம். தயாரிக்கிற பொருள் சுத்தமா என்பது ஒரு கேள்வி, அதைத் தயாரிக்கிற இடம் எப்படி என்பது வேறு கேள்வி. என் பயம் எல்லாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பதுதான்.

ஆற்காட்டில் வளர்ந்தவனுக்கு இது புரியாமல் போகக்கூடாது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை. தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்த ஆறும் நிலமும் கெட்டது பற்றிய வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெரிய தீர்ப்பைக் கொடுத்தது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு. நம்ம சுற்றுச்சூழல் பாடப் புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருகிறதே, அதேதான். கழிவுநீரைச் சுத்தம் செய்யப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நடந்தன. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படி ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நான் அப்போது ஸ்கூலில் சின்னப் பையன். ஊரே பேசியது நினைவிருக்கிறது. அவர்கள் மேல் விழுந்தது சுத்தம் செய்வதற்கென்று கட்டிய இடத்தின் சுவர் என்பது பெரியவனான பிறகுதான் மண்டையில் ஏறியது.

சரி, சோலாருக்கு வருகிறேன். மூன்றாம் வருட லீவில் ஒரு ரூஃப்டாப் கம்பெனியில் நாலு வாரம் இன்டர்ன்ஷிப் போனேன். பெயர் வேண்டாம். சின்ன கம்பெனி, நல்ல ஆர்டர் இருந்தது. பிரதமர் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்ததிலிருந்து 3 கிலோவாட் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. அதனால் ஆற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து வாலாஜா போவதற்குள் சோலார் ஃப்ளெக்ஸ் எத்தனை என்று எண்ணினால் விரல் பத்தாது. நான் போன கம்பெனி வீட்டு மாடியும் செய்தது, ஃபேக்டரி ஷெட்டும் செய்தது. என்னை அனுப்பியது ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி ஷெட்டுக்கு. கத்திரி வெயில். காலை ஆறு மணிக்கு ஏறி பதினொன்றுக்கு இறங்கி, மறுபடி மூன்றரைக்கு ஏறுவோம். நடுவில் அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது.

ஷெட் கூரையில் வெளிச்சத்துக்காக இடையிடையே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் போட்டிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது தெரியும். நாலு வருஷத் தூசி படிந்துவிட்டால் தகரமும் அதுவும் ஒரே நிறம். தகரம் ஆளைத் தாங்கும், அது தாங்காது. மூன்றாம் நாள் ரெயில் தூக்கிக்கொண்டு வந்த பையன் ஒருத்தன் அதில் கால் வைத்தான். தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. கீழே இருபத்தைந்து அடி, அதற்குக் கீழே தையல் லைனில் உட்கார்ந்திருக்கிற அக்காக்கள். குறுக்கே போன இரும்பில் அவன் மாட்டிக்கொண்டதால் தப்பித்தான். இடுப்பில் பெல்ட் இல்லை.

பெல்ட் வேனில் இருந்தது. எட்டுப் பேருக்கு ஐந்து பெல்ட். தினமும் காலையில் அந்த ஐந்தைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்று ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம். குரூப்பில் கட்டைவிரல்கள் விழும். அதோடு கழற்றிவிடுவோம், ஏனென்றால் கொக்கியை மாட்ட மேலே கயிறே கட்டவில்லை. மாட்ட இடமில்லாத பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் கால்தான் தடுக்கும். அந்த போட்டோக்களில் ஒன்றில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

பையன் தப்பித்ததும் எங்கள் சைட் இன்ஜினியர் அண்ணன் மேனேஜருக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் வந்த முதல் கேள்வி: "ஷீட் உடஞ்சிருச்சா? கிளையன்ட் பாத்தானா?" பையனுக்கு என்ன ஆச்சு என்பது மூன்றாவது கேள்வி. எந்த ரெஜிஸ்டரிலும் ஒரு வரி எழுதவில்லை. எழுத ரெஜிஸ்டரே இல்லை.

அந்த அண்ணனைத் தப்பாக நினைக்காதீர்கள். அவருக்கு வயது 24. நம்மை மாதிரி பக்கத்து மாவட்டக் காலேஜில் ஈ.இ.இ. முடித்தவர். மூன்று சைட்டை ஒரே ஆள் பார்க்கிறார். பேனல் இருக்கே, அதை ஸ்விட்ச் போட்டு அணைக்க முடியாது, வெயில் அடிக்கிற வரை வோல்டேஜ் இருக்கும்; வரிசையாகச் சேர்த்தால் ஆயிரம் வோல்ட் டி.சி. வரை போகும், லோடு ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் ஏ.சி. மாதிரி பொறி தானாக அணையாது, நின்று எரியும். இதெல்லாம் கிளாஸில் படித்தும் எனக்கு உறைக்கவில்லை. அவர் ஒரு கருகிய கனெக்டரைக் கையில் கொடுத்து, "இத வெச்சிக்க, மறக்க மாட்ட" என்றார். இப்பவும் என் மேஜையில் இருக்கிறது.

அவருடைய குரோத் என்ன? மூன்று வருஷத்தில் இரண்டு தடவை பதவிப் பெயர் மாறியிருக்கிறது. டிரெய்னி, சைட் இன்ஜினியர், சீனியர் சைட் இன்ஜினியர். வேலை அதே வேலை. கூரை அளப்பது, ஆள் சேர்ப்பது, மெட்டீரியல் எண்ணுவது, ஈ.பி. ஆபீஸில் ஃபைலோடு நிற்பது. ஒரு ராத்திரி டீக்கடையில் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உங்க லேப்ல பிவிசிஸ்ட் சாஃப்ட்வேர் இருக்குமே, எனக்கு கொஞ்சம் சொல்லித் தரியா?" நிழல் எங்கே விழும், வருஷத்துக்கு எத்தனை யூனிட் வரும் என்று கணக்குப் போடுகிற சாஃப்ட்வேர் அது. சோலாரில் மூன்று வருஷம் ஓட்டியவர், நாலு வாரம் வந்த இன்டர்னிடம் கேட்கிறார். அவர் கம்பெனியில் அதைத் தெரிந்தவர் ஒருத்தர் இருக்கிறார், சென்னை ஆபீஸில். சைட் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்று பயமாம்.

இது அந்த ஒரு கம்பெனியின் குணம் மட்டும்தானா என்று தெரிந்துகொள்ள வந்ததும் கொஞ்சம் படித்தேன். 2017-ல் சி.இ.இ.டபிள்யூ., என்.ஆர்.டி.சி. என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து இந்தியாவில் சோலார் எத்தனை வேலை தருகிறது என்று ஒரு கணக்கு வெளியிட்டன. கூரை சோலாரில் ஒரு மெகாவாட்டுக்கு 24.72 ஆள்-வருடம். அதாவது ஒரு ஆள் ஒரு வருஷம் பார்க்கிற வேலை என்று வைத்தால் கிட்டத்தட்ட 25 பேர். தரையில் பரப்புகிற பெரிய பிளான்ட்டுக்கு 3.45 மட்டும். கூரைதான் நிறைய வேலை தருகிறது என்று எல்லா மேடையிலும் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அந்த 24.72-ஐப் பிரித்துப் பாருங்கள். டிசைன் 8.85, கட்டுமானம் 13.84, ஆர்டர் பிடிப்பது 1.53. போட்டு முடித்த பிறகு பராமரிக்க 0.50. பெரிய பிளான்ட்டிலும் பராமரிப்பு அதே 0.50 தான்.

இதை கமுதியில் வைத்துப் பார்க்கலாம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் பிளான்ட் 2016-ல் முடிந்தபோது ஒரே இடத்தில் இருக்கிற உலகத்தின் பெரிய பிளான்ட்களில் ஒன்று. 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், சுமார் 8,500 பேர் வேலை செய்து எட்டு மாதத்தில் கட்டினார்கள். அந்த 0.50 கணக்கைப் போட்டால், கட்டி முடித்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ள 324 பேர் போதும். இது என் பெருக்கல், அவர்கள் சம்பளப் பட்டியல் இல்லை. ஆனால் போக்கு புரிகிறது இல்லையா? சோலாரில் வேலை என்பது பெரும்பாலும் கட்டுகிற வேலை. கட்டி முடித்ததும் அடுத்த ஊர். அடுத்த ஆர்டர் வந்தால்தான் அடுத்த ஊர். அப்படிப்பட்ட கம்பெனிக்கு ஒருத்தனை மூன்று வருஷம் வைத்து வளர்க்கவேண்டும் என்று தோன்றுவதே கஷ்டம்.

அதற்கு மேல் விலைப்போட்டி. கமுதி மின்சாரத்துக்கு நம்ம மின்வாரியம் ஒத்துக்கொண்ட விலை யூனிட் 7.01 ரூபாய். 2015 நவம்பரில் ஆந்திராவில் ஒரு டெண்டர் 4.63-க்குப் போனது. 2017 மே மாதம் ராஜஸ்தான் பத்லாவில் 2.44. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99. ரொம்ப பெருமையான கோடு, கிராஃப் போட்டால் அழகாக இறங்கும். பேனல் விலை இறங்கியதும் வட்டி குறைந்ததும்தான் முக்கியக் காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஏலத்தில் கடைசிப் பத்துப் பைசாவைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் எதைக் குறைப்பார்கள்? பேனல் விலையை அவர்கள் தீர்மானிப்பதில்லை. வட்டியையும் இல்லை. எட்டுப் பேருக்கு ஐந்து பெல்ட் எப்படி வந்தது என்று எனக்கு அங்கேதான் விடை கிடைத்தது.

அந்த 4.63 ஏலத்தை எடுத்த கம்பெனி சன்எடிசன். அமெரிக்கக் கம்பெனி, இந்தியப் பிரிவு நம்ம சென்னையில் இருந்தது. ஏலம் எடுத்த ஐந்தே மாதத்தில், 2016 ஏப்ரலில், அமெரிக்காவில் திவால் மனு போட்டது. இந்தியப் பிராஜெக்ட்களை கிரீன்கோ வாங்கிக்கொண்டது. சென்னையில் உட்கார்ந்து டிராயிங் போட்டுக்கொண்டிருந்த இன்ஜினியர் என்ன தப்பு செய்தார்? பெரிய பெயர் என்றால் பத்திரம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது ஃபேக்டரிப் பக்கம். பேனல் போடுவது மட்டும் இல்லாமல், பேனல் செய்வதும் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. 2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் ஃபேக்டரி திறந்தது. ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். இந்தக் கம்பெனியைப் பற்றித் தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது. மலேசியாவில் உள்ள அவர்கள் ஃபேக்டரியில், ஒப்பந்த ஏஜென்ட்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் வேலைக்குப் பணம் வாங்கியதும், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்ததும் தணிக்கையில் தெரிந்தது. அதை 2023 ஆகஸ்டில் கம்பெனியே வெளியிட்டது. படித்ததும் "ஐயோ, இங்கேயுமா?" என்றுதான் எனக்குத் தோன்றியது. ரெண்டாவது தடவை படித்தபோது வேறு மாதிரி தோன்றியது. தன் வீட்டுக் குப்பையைத் தானே வாசலில் கொட்டிக் காட்டியிருக்கிறார்கள். நான் பார்த்த வாட்ஸ்அப் போட்டோவுக்கு இது நேர் எதிர்.

நம்ம பெல்ட்டில் ஆடிட் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டாம். வெளிநாட்டு பிராண்ட் ஆட்கள் வருகிற அன்று பாத்ரூமில் சோப்பு இருக்கும், வழியில் பெட்டிகள் இருக்காது, கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று முந்தின நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா பதினாலு வருஷமாக ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். காலை ஏழு மணிக்கு கம்பெனி பஸ். அவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் இரண்டு பேர் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். அக்கா இன்னும் அதே லைன், அதே மிஷின். "எனக்கு யாருப்பா குடுப்பா?" என்று சிரிப்பார்.

திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்களில் ஐந்தில் நாலு பேர் பெண்கள் என்று கம்பெனி பெருமையாகச் சொல்கிறது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் ஷூ லைனைப் பார்த்து வளர்ந்த எனக்கு அடுத்த கேள்வி தானாக வருகிறது. பத்து வருஷம் கழித்து அங்கே ஷிஃப்ட் இன்சார்ஜில் எத்தனை பேர் பெண்கள் இருப்பார்கள்? வேலைக்கு எடுத்த கணக்கு முதல் நாளே கிடைக்கும். இந்தக் கணக்குக்குப் பத்து வருஷம் காத்திருக்கணும்.

நம்ம கிளாஸ் பெண்களுக்கு இது வேறு ரூபத்தில் வரும். ஒரு தோழி இன்டர்வியூ போய் வந்து சொன்னாள், "லேடீஸுக்கு சைட் செட் ஆகாதும்மா, டிசைன்ல போட்டுடறோம்" என்றார்களாம். கேட்க அக்கறை மாதிரி இருக்கிறது. ஏ.சி. ரூம், வெயில் இல்லை. ஆனால் அதே கம்பெனியில் பிராஜெக்ட் மேனேஜர் ஆக சைட் அனுபவம் கட்டாயம். சைட்டில் ஒரு டாய்லெட் வைத்தால் முடிகிற விஷயத்துக்கு, ஒரு பெண்ணின் பத்து வருஷத்தை மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

அப்போ சோலாருக்கே போகாதே என்கிறேனா? இல்லவே இல்லை. அந்த நாலு வாரத்தில் நான் கற்றுக்கொண்டது நாலு செமஸ்டரில் இல்லை. சின்ன கம்பெனியில் கூரை அளப்பதிலிருந்து நெட் மீட்டர் சுற்றுகிற வரைக்கும் ஒரே ஆள் பார்க்கலாம். பெரிய கம்பெனியில் ஒரு எக்செல் ஷீட்டின் ஒரு காலத்தை வருஷக்கணக்கில் நிரப்பிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. வேறு மாதிரி நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகாவில் 1995-ல் ஹரீஷ் ஹாண்டே தொடங்கிய செல்கோ கம்பெனி, ஏழை வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் சோலார் போட்டே வளர்ந்தது. அவருக்கு 2011-ல் மக்சேசே விருது கிடைத்தது. அவர்கள் போட்டுவிட்டு ஓடுவதில்லை. வாடிக்கையாளர் பக்கத்திலேயே கிளை, சர்வீஸுக்கு அந்த வட்டாரத்து ஆட்கள். தெருவியாபாரி எப்போது காசு கட்ட முடியும் என்பது வரைக்கும் ஊழியருக்குத் தெரிந்திருக்கவேண்டும். போட்டுவிட்டுப் போகிறவனுக்கு ஊழியர் செலவு. திரும்பத் திரும்ப அதே வாசலில் போய் நிற்கவேண்டியவனுக்கு, அந்த வாசலைத் தெரிந்த ஊழியர் போய்விட்டால் நஷ்டம். ஒரு கம்பெனி உங்களை எப்படி நடத்தும் என்று தெரிய அவர்களின் மதிப்பீடுகள் ஸ்லைடைப் பார்க்காதீர்கள். காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை மெகாவாட் கையில் இருக்கிறது என்று கேட்டால் பாதி தெரிந்துவிடும்.

மீதியை நேராகவே கேட்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் டிரெய்னியாக எடுத்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? சைட்டிலிருந்து டிசைனுக்கு மாறினவர் ஒருத்தரோடு பேச முடியுமா? மின் மேற்பார்வையாளர் சான்றிதழ் எடுக்க உதவி செய்வீர்களா? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? இதற்கெல்லாம் கோபப்படுகிற கம்பெனி என்றால் அதுவே பதில். நம்ம வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள், "வேலை குடுக்கிறவங்ககிட்ட கேள்வி கேக்கலாமாடா?" என்று. எங்க அப்பாவும் அதையே சொன்னார். அவர் காலத்தில் பெல் கம்பெனி கேட்டுக்குள் போனால் ரிட்டையர்மென்டில்தான் வெளியே வருவார்கள். அந்த கேட் இப்போது நமக்கு இல்லை.

இரண்டு வாரம் முன்னால் எனக்கு ஒரு சோலார் கம்பெனி இன்டர்வியூ. அந்த ஹெச்.ஆர். கம்பெனி இல்லை, வேறு. கடைசியில் "எனி கொஸ்டின்ஸ்?" என்றார்கள். வாய் உலர்ந்துவிட்டது. ஆனாலும் கேட்டுவிட்டேன்: "சார், உங்க சைட்ல கடைசியா யாராவது வழுக்கினது, கால் மாட்டினது, அந்த மாதிரி எழுதி வெச்ச ரெஜிஸ்டர் இருக்கா? பாக்கலாமா?" மூன்று பேரில் இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள், கொஞ்சம் வயதானவர், பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆபீஸ்ல இல்ல, சைட்ல இருக்கு. வந்து பாரு" என்றார்.

ஆஃபர் இன்னும் வரவில்லை. வருமா தெரியாது. ஆனால் வருகிற சனிக்கிழமை காலை அந்த சைட்டுக்குப் போகிறேன், காஞ்சிபுரம் ரோட்டில் இருக்கிறது. ஹெல்மெட், பெல்ட் அவர்கள் தருகிறார்களாம், சேஃப்டி ஷூ மட்டும் நாம் கொண்டுபோகவேண்டும். ஃபைனல் இயரில் இன்னும் இரண்டு பேர் வரலாம் என்று சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் வியாழனுக்குள் என்னிடம் சொல்லுங்க, ஆறு மணி பஸ்.